ஆஸ் பர் டிராயிங்

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் படம் வரைந்து பிழைக்கிறோம். என் கணவர் வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து தருபவர். நான் சர்க்யூட் போர்டுக்கு வரைகிறவள். அவர் வரைவதில் ஒரு குடும்பமே குடியேறும். நான் வரைவது என் உள்ளங்கையில் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தைக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அளவு வித்தியாசமாக நினைக்கவில்லை, தகுதி வித்தியாசமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏதாவது ஒரு மின்சாரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஓர் அட்டை இருக்குமே, அதன்மேல் சின்னச் சின்னச் சாமான்களைப் பற்றவைத்திருப்பார்களே, அதுதான் போர்டு. அதில் செம்புக் கோடுகள் எப்படி ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவது என் வேலையில் ஒரு பாதி. அந்த அட்டையைச் செய்து தரும் தொழிற்சாலைக்கு ஒரு தாள் தயாரித்து அனுப்புவது மறு பாதி. போர்டின் நீளம், அகலம், எத்தனை ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் எத்தனை மில்லிமீட்டர், அட்டை எவ்வளவு தடிமன், செம்பு எவ்வளவு கனம், மேலே என்ன நிறம் பூச வேண்டும் என்று எல்லாமே அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஃபேப் டிராயிங் என்று சொல்வோம். படம் வரைவதில் எனக்குச் சுகம் உண்டு. பக்கத்தில் குறிப்பு எழுதுவதில் மகா சோம்பல். பழைய டிராயிங்கிலிருந்து குறிப்புகளை எடுத்து அப்படியே ஒட்டிவிடுவேன்.

போர்டு செய்யும் தொழிற்சாலை சென்னைப் பக்கம் இருக்கிறது. அங்கே வருகிற டிராயிங்குகளைப் படித்துச் சந்தேகம் கேட்பதற்கென்றே ஒரு பெண். குவெரி அனுப்புகிறவர். அவரை நான் பார்த்ததில்லை. போனில் குரல் மட்டும் கேட்டிருக்கிறேன். காலேஜ் முடித்துவிட்டு நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் போல மெல்லிய, பயந்த குரல். ஓட்டை எண்ணிக்கை பட்டியலில் பதினெட்டு, படத்தில் பதினேழு, எது சரி மேடம் என்று கேட்பார். மூலை கூர்மையா, வளைவா என்று கேட்பார். சின்னப் பெண், வேலை கற்றுக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் அனுப்புவேன்: ஆஸ் பர் டிராயிங். டிராயிங்கில் என்ன இருக்கிறதோ அதைச் செய் என்று அர்த்தம். டிராயிங்கைப் பாரம்மா, என்னை ஏன் கேட்கிறாய் என்பதும் அதற்குள் இருக்கிறது.

எனக்கு நிறைய வேலை கொடுக்கிறவர் எங்கள் காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டைக்குப் போகிற வழியில் ஷெட் போட்டிருக்கும் ஒரு முதலாளி. விவசாயக் குடும்பம். சொந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடி மூன்று தடவை காயில் எரிந்துபோன கோபத்தில், மோட்டாரைத் தானே நிறுத்துகிற பெட்டி ஒன்றைச் செய்ய ஆரம்பித்து, அதுவே தொழிலாகிவிட்டது. நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, யாரோ தன் பெட்டியைக் காப்பி அடிக்கப்போகிறார்கள் என்ற பயம் அவருக்கு இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. இன்னும் எவனும் அடித்ததில்லை என்பதில் உள்ளுக்குள் ஒரு வருத்தமும் உண்டு என்பது என் சந்தேகம்.

புது மாடலுக்கு போர்டு வரையச் சொன்னபோது என்னை ஷெட்டுக்கு வரவழைத்தார். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன்.

"ஏம்மா, போன போர்டுல எழுத்தா போட்டு வெச்சிருந்தியே, அதெல்லாம் வாணாம்மா" என்றார்.

"சார், எந்தச் சாமான் எங்க வைக்கணும்னு தெரியறதுக்குத்தான் போடறது."

"நம்ம பொண்ணுக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆச்சே. எழுத்து இருந்தா எவனாவது பாத்துக்கினு காப்பி அடிச்சிடுவான். ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

நம்ம பொண்ணு என்று அவர் சொன்னது அந்த ஷெட்டில் பற்றவைப்பு வேலை செய்யும் பெண்ணை. பக்கத்தில் கூரம் கிராமத்திலிருந்து வருகிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்தப் போர்டுகளைப் பற்றி எங்கள் இரண்டு பேரையும்விட அவளுக்குத்தான் அதிகம் தெரியும்.

சொன்னபடி எழுத்துகளை எல்லாம் எடுத்தேன். ஒரே பக்கம் மட்டும் செம்பு இருக்கும் எளிய போர்டு அது. எழுத்து போன பிறகு பார்க்கவே அழகாக இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு திருகு ஓட்டை, நடுவில் கோலம் போல வளைந்து ஓடும் கோடுகள். மேலே கீழே, இடது வலது என்று எதுவுமே சொல்லாமல் மௌனமாக இருந்தது.

அன்று மாலை என் கணவர் டீ டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வடக்கு எந்தப் பக்கம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் விளையாட்டே இல்லை. நிஜமாகத்தான் கேட்கிறார்.

"ஏங்க, இது சர்க்யூட் போர்டுங்க. இதுக்குப் போய் வாஸ்து பாப்பாங்களா?"

"வாஸ்துன்னு யார் சொன்னா? எந்த டிராயிங்கா இருந்தாலும் எங்க நின்னு எதைப் பாக்குறோம்னு ஒண்ணு இருக்கணும்ல. நான் வடக்கு போடாம ஒரு பிளான் குடுத்தா மூஞ்சிமேலயே தூக்கிப் போடுவாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அக்கா தங்கைகள் எல்லோருக்கும் இதைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பொறுமையாக உட்கார்ந்திருந்தார். என் தங்கை பரிமாறிக்கொண்டே, "மாமா, அப்பளம் கிழக்கால வைக்கட்டா, மேற்கால வைக்கட்டா?" என்று கேட்டாள்.

டிராயிங் தொழிற்சாலைக்குப் போனது. இரண்டாம் நாள் குவெரி வந்தது. செம்புப் படம் கொடுத்திருக்கிறீர்களே மேடம், இது செம்புப் பக்கத்திலிருந்து பார்த்த படமா, சாமான் வைக்கும் பக்கத்திலிருந்து பார்த்த படமா?

அன்றைக்கு கேஸ் சிலிண்டர் வேறு தீர்ந்துபோயிருந்தது. நான் கேள்வியை முழுதாகப் படித்தேனா என்றுகூட இப்போது சொல்ல முடியவில்லை. ஆஸ் பர் டிராயிங் என்று தட்டி அனுப்பிவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தேடப் போனேன்.

ஒரு வாரத்தில் நாற்பது போர்டுகள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் காலை அந்தப் பற்றவைக்கும் பெண்தான் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு போர்டு அடிச்சு முடிச்சிட்டேன்க்கா. எல்லாம் உட்காருது. ஆனா கரண்டு குடுத்தா ஐசி சுடுதுக்கா. இட்லி ஊத்தினா வெந்துடும் போல இருக்குது."

ஐசி என்பது போர்டுக்கு மூளை மாதிரியான கறுப்புச் சில்லு; ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். ஷெட்டில் போய், வெறும் போர்டு ஒன்றையும் அச்சடித்த என் டிராயிங்கையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எங்குமே ஒட்டவில்லை. தாளைத் திருப்பிப் பிடித்தேன். கோட்டுக்குக் கோடு ஒட்டியது. நாற்பது போர்டும் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாக மாறி வந்திருந்தன. நான் மேலிருந்து, சாமான் வைக்கும் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி வரைந்திருக்கிறேன். அவர்கள் கீழிருந்து, செம்புப் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஓர் எழுத்து இருந்திருந்தால்கூட அது திரும்பி நிற்பதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்.

நான் உடனே செய்த காரியம், தொழிற்சாலைக்குப் போன் போட்டதுதான். சண்டை போடுகிற குரலில் ஆரம்பித்தேன். அந்த மெல்லிய குரல் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டது.

"மேடம், நாங்க குவெரி அனுப்பியிருந்தோம்."

"சரி, அனுப்பினீங்க. நான் பதில் போட்டேன் இல்ல?"

"போட்டீங்க மேடம். ஆஸ் பர் டிராயிங்னு போட்டிருந்தீங்க. நான் திரும்பப் போய் டிராயிங்கப் பாத்தேன். நாலு ஓட்டை இருந்துது மேடம். நாலும் நல்லா இருந்துது."

அதற்குமேல் நான் என்ன சண்டை போட? ஒரு பக்கம் மட்டும் செம்பு இருக்கிற வேலை வந்தால் அவர்கள் வழக்கமாக எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எதற்கு தேங்க்ஸ் சொன்னேன் என்று தெரியவில்லை.

முதலாளியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் போர்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏம்மா, எவனும் காப்பி அடிக்க முடியாத மாதிரி செய்யின்னு சொன்னேன். நாமளே செய்ய முடியாத மாதிரி செஞ்சிட்டியேம்மா."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரக் கடைசியில் திருமுக்கூடல் பக்கம் ஒரு விவசாயிக்குப் புதுப் பெட்டியை மாட்டித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வேறு போர்டு செய்து வாங்க நேரமில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் மூன்று பேரில் வருத்தப்படாமல் இருந்தது அந்தப் பற்றவைக்கும் பெண் மட்டும்தான். அவள் ஒரு ஐசியை எடுத்து, அதன் எட்டுக் கால்களையும் சின்னக் குறடால் மறுபக்கமாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத மல்லாக்கப் படுக்க வெச்சா இடம் வலம் மாறிடும் இல்ல?"

மாறும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு கால் சாமான்களுக்குப் பிரச்சினையே இல்லை. மூன்று கால் சாமானைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். மோட்டாரை நிறுத்துகிற ரிலேயில் மட்டும் இரண்டு ஒயரைக் குறுக்கே மாற்றிப் போட வேண்டும். மற்றதெல்லாம் ஐசி மல்லாந்தால் போதும். அவள் மடக்க, நான் சரிபார்க்க, மதியத்துக்குள் ஒரு போர்டு ஓடியது. மறுநாள் பத்து தயாராயின. பதினொன்றாவதில் ஒரு கால் உடைந்ததும், "போதும்க்கா, விரல் வலிக்குது" என்று நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் கேட்க எனக்கும் முகம் இல்லை.

சனிக்கிழமை முதலாளியோடு நானும் திருமுக்கூடல் பக்கம் போனேன். செய்த பாவத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நானாகத்தான் கிளம்பினேன். கிணற்று மேட்டில் பெட்டியை மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த விவசாயி எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, உள்ள ஒரு பூச்சி மல்லாந்து கெடக்குற மாதிரி இருக்குது?"

நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். முதலாளி கண்ணிமைக்காமல் சொன்னார்: "அது சூடு இறங்கறதுக்குங்க. புது மாடல்."

மோட்டாரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். கோடை என்பதால் கிணற்றில் தண்ணீர் குறைவு. முக்கால் மணி நேரத்தில் குழாயில் தண்ணீர் நுரைத்து, விட்டு விட்டு வந்து, காற்று மட்டும் சீறியது. பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. விவசாயி சந்தோஷமாகத் தலையாட்டினார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். காப்பி அடிக்க இதைவிட நல்ல சரக்கு இல்லை என்று சொல்லும் பார்வை அது. திரும்பி வரும் வழியில் அடுத்த மாடலிலும் ஐசியை மல்லாக்க வைக்கலாமா என்றுகூடக் கேட்டார்.

என் கணவரிடம் இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மேஜைமேல் கிடந்த போர்டையும், பக்கத்தில் இருந்த டிராயிங்கையும் அவர் பார்த்துவிட்டார். படம் பார்க்கத் தெரிந்த மனிதர் இல்லையா, அரை நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது.

"வடக்கு மாறிப்போச்சா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

மறுபடியும் பார்த்தார். "இல்ல இல்ல. வடக்கு வடக்காத்தான் இருக்குது. கிழக்கும் மேற்கும்தான் மாறிப்போச்சு."

சிரித்திருந்தால் பரவாயில்லை. தப்பை இன்னும் கொஞ்சம் துல்லியமாகத் திருத்திக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சிரிப்பை எல்லாம் அம்மா வீட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்தார் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அந்தக் கதையை அவர் சொன்ன அழகைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் தங்கை கட்சி மாறிவிட்டாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திருத்திய டிராயிங்கைப் போட உட்கார்ந்தேன். தொழிற்சாலையிலிருந்து ஒரு யோசனை வந்திருந்தது: செம்பிலேயே ஓர் எழுத்து போட்டுவிடுங்கள் மேடம், கண்ணாடியில் பார்த்தால் மாறித் தெரிகிற எழுத்தாக. முதலாளிக்குப் போன் போட்டு, ஒரே ஓர் எழுத்துக்கு அனுமதி கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இங்கிலீஷ் ஏ.

"சார், ஏ திருப்பிப் பாத்தாலும் ஏ தான் சார்."

"அப்பிடியா? சரி, கம்பெனி பேருக்கு எம் போடும்மா."

"எம்மும் அப்படியேதான் சார் இருக்கும்."

"எங்க வீட்டுக்காரம்மா பேரு போட்டுடு. டீக்கடைக்குப் போடற டி."

கண்ணாடி முன்னால் நின்று என்ன செய்தாலும் மாறாத குடும்பம் அது. கடைசியில் ஊர்ப் பெயருக்கு கே போட்டுக்கொள்வதென்று முடிவாயிற்று. காப்பி அடிக்கிறவனுக்குக் காஞ்சிபுரம் என்று துப்புக் கிடைத்துவிடுமே என்று அதற்கும் கொஞ்ச நேரம் கவலைப்பட்டார்.

எழுத்தோடு நிறுத்தவில்லை நான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த படம் என்று மூன்று இடத்தில் எழுதினேன். அம்புக்குறி போட்டேன். பழைய டிராயிங்குகளை எல்லாம் துழாவி, இருந்த குறிப்புகள் அத்தனையையும் கொண்டுவந்து சேர்த்தேன். இருபத்துமூன்று குறிப்புகள். இனிமேல் எந்தக் குவெரி வரும் பார்ப்போம் என்று அனுப்பினேன். மறுநாள் காலையே போன் வந்தது.

"மேடம், நாலாவது குறிப்புல தடிமன் ஒண்ணு பாயிண்ட் ஆறு. பத்தொன்பதாவது குறிப்புல பாயிண்ட் எட்டு. எது சரி மேடம்?"

ஆஸ் பர் டிராயிங் என்று சொல்ல நாக்கு எழுந்தது. கடித்துக்கொண்டேன். "ஒண்ணு பாயிண்ட் ஆறு. பத்தொன்பத அடிச்சிடுங்க. நான் திருத்தி அனுப்பறேன்" என்றேன். "வேற ஏதாவது இருக்குதாம்மா?" என்றும் கேட்டேன். இருந்தன. இன்னும் நான்கு இருந்தன. எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். இந்த முறை போர்டுகள் சரியாக வந்தன. ஐசி குப்புறப் படுத்தது. பற்றவைக்கும் பெண்ணின் விரல் தப்பியது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அதே குரல்.

"மேடம், ஒரு குவெரி. போர்டு சம்பந்தமா இல்ல. பட்டுப் புடவை எடுக்கணும். காஞ்சிபுரத்துல எனக்கு வேற யாரையும் தெரியாது."

சரி, சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். இருபத்தைந்து வயதுப் பெண்ணாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தேன். கூட்டம் போன பிறகு, நரைத்த கொண்டையும் கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக ஒருவர் என் எதிரில் வந்து நின்றார். என் அம்மாவைவிடச் சில வயது குறைவு இருக்கலாம்.

"நீங்கதான் ஆஸ் பர் டிராயிங் மேடமா?" என்றார், அதே மெல்லிய குரலில். கேட்டுவிட்டு, "ஐயோ, சாரிம்மா. ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவோம்" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணம் அவருடைய மகளுக்கு. இருபத்தெட்டு வருஷமாக டிராயிங் படிக்கிறாராம். நான் இவ்வளவு நாள் வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த சின்னப் பெண் இவர்தான். இதற்குமேல் அவர் என்னை மேடம் என்று கூப்பிட நான் விடவில்லை. நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

கடையில் பாய் மேல் உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கடைக்காரர் விரித்துப் போட்ட ஒவ்வொரு புடவையையும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பார்டரும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவினார். முந்தானையின் நீளம் எவ்வளவு, அது மொத்த நீளத்தில் சேர்த்தியா, ஜாக்கெட் துண்டு தனியா, நீங்கள் சொல்வது ஐந்தரை மீட்டர் என்றால் எங்கிருந்து எதுவரைக்கும்? கடைக்காரர் முதல் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். அப்புறம் உள்ளே போய் முதலாளியைக் கூப்பிட்டு வந்தார். எனக்கு அவர்கள்மேல் உள்ளார்ந்த பரிவு ஏற்பட்டது. கடைசியில், முதன்முதலாக விரித்த அரக்குப் புடவையையே எடுத்துக்கொண்டார்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் வீட்டுக்கு அழைத்துவந்தேன். என் கணவர் இருந்தார். அந்த அக்கா மாடியில் ஒரு போர்ஷன் எடுத்துக் கட்டப்போவதாகச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. புடவை வாங்கிய அட்டைப் பெட்டியின் மூடியை வாங்கி, பென்சிலால் அங்கேயே ஒரு பிளான் போட்டுவிட்டார். ஹால், இரண்டு ரூம், சமையலறை, பாத்ரூம், வெளியே படிக்கட்டு. என்னைப் பார்த்தபடி மேல் மூலையில் பெரிதாக வடக்கு அம்புக்குறி வேறு.

அந்த அக்கா காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இந்தக் கதவு உள்ள தொறக்குதா, வெளிய தொறக்குதா?"

"அது வந்து... உள்ள."

"உள்ள தொறந்தா இந்த பாத்ரூம் கதவுல இடிக்காதா சார்? படி எத்தனைன்னு போடலையே. கீழேருந்து எத்தனை அடி ஏறணும் சார்?"

"அதெல்லாம் கட்டும்போது பாத்துக்கலாம்மா" என்றார் என் கணவர்.

"கட்டறவர் உங்களக் கேக்க மாட்டாரா சார்?"

நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் கணவர் என்னிடம் ரப்பர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கதவை அழித்தார், பாத்ரூமைத் தள்ளினார், அது சமையலறைக்குள் வந்தது. ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நான் இன்னொரு காப்பி போடட்டுமா அக்கா என்று கேட்டேன்.